செதிலின் திசை

ஆரணியை ஒட்டிச் செல்லும் ஆற்றுக்குக் கமண்டல நாகநதி என்று பெயர். ஊருக்குள் தறிகளின் ஓசை. ஊரைக் கடந்தால் வயல் வரப்புகளும் வேலிப் புதர்களும். அப்புதர்களில் எப்போதேனும் ஒரு பாம்புச் சட்டை சிக்கிக் கிடப்பதுண்டு. உரித்த தோலுக்குத் தமிழர் 'சட்டை' என்று பெயரிட்டது நெசவூருக்குப் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. ஆயினும் தறியில் விளையும் ஆடைக்கும் இச்சட்டைக்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. பட்டுச் சேலையின் உடற்பகுதியில் இடப்படும் புட்டா, தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே அளவினது. உடுத்துபவர் யாரென்று நெசவாளர் அறியார். அறிய வேண்டியதும் இல்லை. பாம்பின் சட்டையோ ஓர் உடலுக்கென்றே அளவெடுத்தது. முதுகில் சிறு செதில்கள் சாய்வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். வயிற்றிலோ ஒரு வரிசைக்கு ஒரே அகன்ற தகடு. ஊர்வதற்குத் தரையைப் பற்றுவது அதுவே.

ஊர்வனவற்றைக் களிமண்ணில் வடித்து, அவ்வடிவிலிருந்து இயங்கும் பாவைகளை உருவாக்கும் கலைஞர் முதலிற் கற்க வேண்டிய பாடமும் இதுதான். செதில் என்பது உடலின்மேல் அச்சிட்ட கோலம் அன்று. நல்ல பாம்பின் செதில் வழவழப்பானது. கண்ணாடி விரியனின் செதில் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு வரம்பு மேடிட்டிருக்கும். உடலின் நடுப்பகுதியில் இத்தகைய செதில்கள் 27 முதல் 33 வரிசைகள் வரை அமைகின்றன. வேலி ஓணானின் விலாச் செதில்கள் பின்னோக்கியும் மேல்நோக்கியும் சாய்ந்திருக்கும். உடும்பின் தோல் மணிகளைப் பரப்பியது போன்றது. முதலையின் முதுகுத் தோலுக்கடியில் எலும்புத் தகடுகளே உள்ளன.

தொடக்கநிலையினர் பெரும்பாலும் ஒரே பிழையைச் செய்கின்றனர். உருவம் முழுமை பெறுமுன்னரே அச்சினை எடுத்து உடலெங்கும் செதில் பதித்துவிடுகின்றனர். விளைவு, விலங்கு அன்று. செதில் வரைந்த துணி போர்த்திய பொம்மை. முறை இதற்கு நேர்மாறானது. முதலில் எலும்பும் தசையும் தெரியும் உருவம். அடுத்து, கழுத்து திரும்பும் இடத்திலும் கால் மடங்கும் இடத்திலும் விழும் மடிப்புகள். அவற்றின் பின்னரே செதில்கள். மடிப்பின் அருகே அவை சிறுத்து நெருங்கும். அசையாத இடத்தில் பெருத்துப் பரவும். உலராதிருக்க எண்ணெயும் மெழுகும் கலந்த களிமண்ணையே பலரும் விரும்புகின்றனர். அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து, தாளின்மேல் கருவியால் கோடிட்டால் கோட்டின் விளிம்பு கூர்மையிழந்து குழைகிறது. வெட்டிய தடம் மறைந்து, வளர்ந்த தோலின் சாயல் வருகிறது. எளிய உத்திதான், ஆனால் கத்தியால் மட்டும் அதனை எட்டுவது கடினம்.

தோற்பாவைக் கூத்தில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே பாவையே தோல்; உளியால் இட்ட துளைகளின் வழியே வரும் ஒளி அணிகளையும் ஆடையையும் காட்டிவிடும். களிமண்ணில் ஒளி துணை நிற்பதில்லை; நிழலே துணை.

தோலின் தேர்வு ஒரு படைப்பின் பொருளையே மாற்றக்கூடும் என்பதற்கு 1954ஆம் ஆண்டின் ஜப்பான் சான்று. அவ்வாண்டு மார்ச் 1 அன்று பிகினி பவளத்தீவில் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் கதிரியக்கச் சாம்பல், மீன்பிடிக் கப்பலொன்றில் இருந்த 23 ஜப்பானியர்மீது படிந்தது. நவம்பரில் 'காட்ஸில்லா' திரைக்கு வந்தது. அவ்வுருவத்துக்காக டெய்சோ தோஷிமிட்சு களிமண்ணில் மாதிரிகள் வடித்தார். ஒன்று செதில் தோல். மற்றொன்று மருக்கள் நிறைந்தது. மூன்றாவது முதலைத் தோலையொத்த மேடுகள் கொண்டது. மூன்றாவதே ஏற்கப்பட்டது. அணுகுண்டில் உயிர் பிழைத்தோரின் உடலில் தடித்துப்போன தழும்புகளை அத்தோல் நினைவூட்டுவதாகப் பலரும் எழுதியுள்ளனர். மீன்போன்ற அழகிய செதில்கள் அமைந்திருந்தால் அது வெறும் கடற்பூதமாகவே நின்றிருக்கும். படத்தில் சில அண்மைக் காட்சிகளுக்குக் கையால் இயக்கும் பாவையும் பயன்பட்டது.

நாற்பது ஆண்டுகள் நிறையுமுன், 1993இல் 'ஜுராசிக் பார்க்' வந்தது. ஸ்டான் வின்ஸ்டன் குழுவினர் ஏறத்தாழ 20 அடி உயரமுள்ள டைனோசரைக் களிமண்ணில் முழு அளவில் வடித்து, வார்ப்பெடுத்து, நுரை ரப்பரால் தோல் போர்த்தினர். சுருக்கமும் மடிப்பும் செதிலும் குறைவின்றி அமைந்தன. படப்பிடிப்போ செயற்கை மழையில் நடந்தது. ரப்பர் நீரை உறிஞ்சியது. எடை கூடி, நான்கு டன்னுக்கும் மேற்பட்ட அந்த இயந்திரம் நடுங்கத் தொடங்கியது. உயிருள்ள ஊர்வனவற்றுக்குச் செதில் தோல் உடலின் ஈரத்தைக் காத்து நிற்கும் அரண். அந்த ஒரு பண்பினை மட்டும் களிமண்ணால் வடிக்க இயலவில்லை. காட்சிக்கும் காட்சிக்கும் இடையே பணியாளர்கள் துண்டுகளுடன் ஏறி, செதில் செதிலாகத் துடைத்துக்கொண்டிருந்தனர்.