87 சதவீதம்

2022, ஜனவரி 9
மனைவிக்குப் பாரிசவாயு கண்ட நாள் முதலாக, ஜூரோங்கில் உள்ள மகளின் வீட்டிற்கு அருகே குடிபெயர்ந்துவிட வேண்டும் என்ற எண்ணம் வலுத்துவந்து, ஹவ்காங்கில் உள்ள இந்த நான்கறை வீட்டை விற்பதென்று இன்று நிச்சயித்தோம். அடுத்த வீட்டுச் சீன அம்மையாரிடம் சொன்னபோது அவர் முகம் வாடிற்று. சற்றைக்கெல்லாம், வாடகை வீட்டில் குடியிருக்கும் தம் இளைய மகன் இதை வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று பஜார் மலாயில் கேட்டார். என் மனைவி நிலைகுலைந்து விழுந்த இரவில், ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் தலையைத் தம் மடியில் ஏந்தியிருந்தவர் அவர். அவர் பிள்ளையிடம் பேரம் ஏது?

ஜனவரி 14
பொங்கல். பானை வைத்தேன் என்பதோடு சரி. ஏஜன்ட் வந்து சொல்லிவிட்டார்: புளோக்கில் சீனருக்கான இன வரம்பு நிரம்பிவிட்டது, அந்தப் பையனுக்கு விற்க முடியாது.

ஜனவரி 17
உறக்கமில்லை. 1964-ஆம் ஆண்டுச் சிங்கப்பூர் இனக்கலவரத்தின்போது ஊரடங்கில் அடைபட்டுக் கிடந்த பிராயம் எனக்கு நினைவிருக்கிறது, ஆகவே, தனபாலன் தேசிய வளர்ச்சி அமைச்சராயிருக்கையில், 1989 மார்ச்சில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் குடியிருப்புகளில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை அமலுக்கு வந்தபோது, இனத்துக்கொரு பேட்டையாக இத்தீவு பிரிந்துவிடலாகாது என்ற அதன் நோக்கத்தை மனப்பூர்வமாக ஆதரித்தேன், இன்றும் ஆதரிக்கிறேன். ஒரு புளோக்கில் சீனர் 87 சதவீதத்துக்கும், மலாய்க்காரர் 25-க்கும், இந்தியரும் ஏனையோரும் 15-க்கும் மேற்படலாகாது. வரம்பு நிரம்பியபின் அந்தந்த இனத்தார் தம் இனத்தாரிடமிருந்தே வாங்கலாம், விகிதம் மாறாதாகையால். இதன்படி அம்மையார் தம் வீட்டைச் சீனருக்கும் விற்கலாம், மற்றவருக்கும் விற்கலாம். அதே மாடியில் அதே அளவுள்ள வீட்டை நான் மட்டும், நாட்டு மக்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேரை விலக்கிவிட்டு, எஞ்சியவரிடையே விலைகூற வேண்டியிருக்கிறது. ஒற்றுமைக்கு ஒரு விலை உண்டெனில் தேசம் முழுதும் பகிர்ந்து கொடுக்கட்டும். சிறுபான்மையோனிடம் மட்டும் அதை வசூலிப்பது தர்மமன்று.

பிப்ரவரி 1
சீனப் புத்தாண்டு. அம்மையார் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். விகிதக் கணக்கை மாதந்தோறும் முதல் தேதியில் புதுப்பிக்கிறார்களாகையால், விடிந்ததும் அதைத்தான் பார்த்தேன். சீனக் குடும்பம் எதுவும் புளோக்கைவிட்டுப் போகவில்லை.

பிப்ரவரி 6
யாரும் வரவில்லை.

பிப்ரவரி 20
ஓர் இளந்தம்பதி, தமிழர், வந்து பார்த்தார்கள், வீடு பிடித்திருந்தது, நாங்கள் சொன்னதற்கு வெகுவாகக் குறைத்துக் கேட்டார்கள். "உங்களுக்கும் வேற வழி இல்லையே, அங்கிள்" என்று அந்த இளைஞர் மரியாதையாகவேதான் சொன்னார். எனக்குக் கோபம் பொங்கிற்று. பிறகு பேச்சுவாக்கில் தெரிந்தது: ஈசூனில், பெண்ணின் தாயார் இருக்கும் புளோக்கிலேயே வாங்க எண்ணி, அங்கே இந்தியர் வரம்பு நிரம்பிவிட்டபடியால் இந்தியர் ஒருவரிடம்தான் வாங்க இயலும் என்றாகி, அவர் சொன்ன விலை எட்டாமல் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள். அந்தப் பெண் கர்ப்பிணி. மின்தூக்கிக்காக அவள் நின்றுகொண்டிருந்தபோது அம்மையார் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டு, கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

மார்ச் 12
இன வரம்பினால் வீட்டை விற்க இயலாது தவிப்போரிடமிருந்து வீடமைப்பு வளர்ச்சிக் கழகமே வாங்கிக்கொள்ள வகைசெய்வதாக இம்மாதம் அறிவிப்பு வந்திருக்கிறது. பல ஆண்டுகளாகப் பலர் பட்ட துன்பம் அரசின் செவிக்கு எட்டிற்று என்பதில் உண்மையாகவே மகிழ்ச்சி. ஆயினும் அம்மையாரின் மகனுக்கு இதனால் ஆவது ஒன்றுமில்லை. அம்மையாரிடம் அதை எடுத்துச் சொல்ல என்னிடமுள்ள மலாய் போதவில்லை.

மார்ச் 19
குறைத்தேனும் கொடுத்துவிடுங்கள் என்கிறாள் மகள். ஏப்ரல் முதல் தேதிவரை பொறுக்கலாம் என்கிறார் ஏஜன்ட். நான் இன்னும் மறுமொழி சொல்லவில்லை. மனைவியோ, குழறுகிற நாவால், அந்தப் பெண்ணுக்கு இது எத்தனையாவது மாதம் என்று ஓயாமல் கேட்கிறாள். விசாரித்துச் சொல்லும்படி ஏஜன்டிடம் கூறியிருக்கிறேன்.