செவ்வாய்க்கிழமை குவிஸ்

வாரத்தின் நடுவில் மான்செஸ்டர் பப்புகள் காலியாகத்தான் கிடக்கும் என்று நினைத்திருந்தேன். "இல்ல மாமா, இன்னைக்கு எங்க தெரு பப்புல குவிஸ். சீக்கிரம் போனாத்தான் இடம் கிடைக்கும்" என்றான் அங்கே படிக்கும் அக்கா மகன். வாசல் கரும்பலகையில் சாக்பீஸ் எழுத்து: தலைக்கு இரண்டு பவுண்டு, அணிக்கு ஆறு பேர், செல்போன் கூடாது.

நாங்கள் இரண்டே பேர் என்பதைப் பார்த்துவிட்டு, பக்கத்து மேசையிலிருந்த வயதான தம்பதி எங்களைத் தங்கள் அணியில் சேர்த்துக்கொண்டார்கள். மேசைக்கு ஒரு விடைத்தாள், ஒரு மொட்டைப் பென்சில். எழுதுவது ஓய்வுபெற்ற தபால்காரரான அந்தப் பெரியவர். விடை தெரிந்தவர் அவர் காதருகே குனிந்துதான் சொல்ல வேண்டும். குரல் கொஞ்சம் உயர்ந்தாலும் அடுத்த மேசை எழுதிக்கொண்டுவிடும். கால்பந்து அவர் பொறுப்பு. அறுபதுகளின் பாட்டு என்றால் அவர் மனைவி, முதல் இசைத் துணுக்கிலேயே பாடியவர் பெயரைச் சொல்லிவிடுவார். படத்தைப் பார்த்து ஆளைச் சொல்லும் சுற்று மருமகனுக்கு.

எனக்கு வேலையே வரவில்லை. பிறகு ஒரு கேள்வி: 2013-இல் மக்னஸ் கார்ல்சன் முதன்முறையாக உலகச் செஸ் சாம்பியன் ஆனது எந்த நகரத்தில்? "சென்னை" என்று முணுமுணுத்தேன். "ஆனந்தை அவர் சொந்த ஊரிலேயே தோற்கடித்தார்" என்றும் சேர்த்தேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. பெரியவர் அழுத்தி எழுதினார். அதன்பின் ஒவ்வொரு கேள்விக்கும் என் முகத்தையும் பார்த்தார். முன்பின் தெரியாத ஊரில் அந்தப் பார்வை எவ்வளவு பெரிய வரவேற்பு!

பப்புக்காரர்களுக்கு இது வியாபாரம்தான். 1976-இல் ஷரோன் பர்ன்ஸ், டாம் போர்ட்டர் இருவரும் தென் இங்கிலாந்துப் பப்புகளில் குவிஸ் நடத்தக் கிளம்பியது, ஆள் வராத இரவுகளில் ஆளை வரவழைக்கத்தான். வந்தவர்கள் இரண்டு மணி நேரம் எழுந்திருக்க மாட்டார்கள். இடைவேளையில் இன்னொரு சுற்று வாங்குவார்கள். சூப்பர் மார்க்கெட்டில் பீர் மலிவு, 2007 முதல் பப்புக்குள் புகைக்கத் தடை என்று அடுத்தடுத்து அடி வாங்கிய தொழிலுக்கு இது பெரிய கைத்தாங்கல்.

இந்தப் பப்பை நடத்தும் அம்மாள் விளம்பரத்துக்கு அதிகம் செலவழிப்பதில்லை. போன வாரம் ஜெயித்தவர்களின் படம் சுவரில் இருக்கிறது. ஜாக்பாட் கேள்விக்கு யாரும் விடை சொல்லாவிட்டால் பணம் அடுத்த வாரத் தொகையோடு சேரும்; அந்தத் தொகை கரும்பலகையில் ஏறிக்கொண்டே போகும். தாளை அடுத்த மேசையோடு மாற்றித் திருத்தச் சொல்கிறார். அந்தச் சாக்கில் மேசைகளும் பேசிக்கொள்கின்றன.

மறுநாள் நகரின் நடுவே இன்னொரு பப்புக்குப் போனோம். அங்கே செல்போனில் குவிஸ்: கேள்வி பெரிய திரையில், விடை சொல்லச் சில விநாடிகள், முந்துபவருக்குக் கூடுதல் மதிப்பெண். கூகுளில் தேட நேரமில்லை என்பதால் ஏமாற்ற வழியில்லை, திருத்தும் வேலையும் மிச்சம். இளைஞர் கூட்டம், நல்ல கலகலப்பு. அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் பேசி முடிவெடுக்க அவகாசமே கிடையாது. யார் விரல் வேகமோ அவரே அணி. நிதானமாக நினைவைத் துழாவும் அந்தத் தபால்காரருக்கு அங்கே என்ன வேலை?

2020 ஊரடங்கில் லங்காஷயரைச் சேர்ந்த ஜே ஃப்ளின் தன் ஊர்ப் பப்பின் வாடிக்கையாளர்களுக்காக இணையத்தில் ஒரு குவிஸ் அறிவித்தார், லட்சக்கணக்கானவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அவரும் திரை வழியாகத்தான் கேட்டார். ஆனால் கேள்விக்கும் விடைக்கும் நடுவே வீட்டிலிருந்தவர்கள் கூடிப் பேச, சண்டை போட, எழுதியதை அடித்துத் திருத்த நேரம் கொடுத்தார். செல்போன் குவிஸ்காரர்களும் அந்த நேரத்தைக் கொடுக்கலாம். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம் போதும்.