சிங்கம் சுட சீட்டு இருக்கா சார்?

உங்களுக்கு ஒரு ஒரு மார்க் கேள்வி. காசு கட்டி, கைடு வெச்சுக்கிட்டு, ஆப்பிரிக்காவில் போய் சிங்கத்தைச் சுடுறது சட்டப்படி சரியா, தப்பா?

'தப்பு'ன்னு கை தூக்கினவங்க இறக்கிடுங்க. 'சரி'ன்னு தூக்கினவங்களும் இறக்கிடுங்க. ரெண்டுக்கும் மார்க் கிடையாது. 'எந்த நாடு, யாரோட நிலம், எந்த வருஷம், எந்த மிருகம்?'னு திருப்பிக் கேட்டவங்களுக்கு மட்டும் முழு மார்க்!

இந்தக் கேள்வி என்கிட்ட வந்தது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில். நான் இன்-பிளான்ட் டிரெயினிங் போன கம்பெனிக்கு பார்ட்ஸ் சப்ளை பண்ற ஒரு சார், செம வசதி. அவருக்கு ஒரு டூர் ஏஜென்ட் கலர் கலரா பேக்கேஜ் அனுப்பியிருந்தார். சிங்கம் ஒரு ரேட், லெப்பர்ட் ஒரு ரேட். கீழே கொட்டை எழுத்தில் 'நூறு சதவிகிதம் சட்டபூர்வமானது'. சார் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நீதான் பத்திரிகையில எல்லாம் எழுதுறியே... இது நிஜமாவே லீகலான்னு பார்த்துச் சொல்லு. அடுத்த வாரம் அட்வான்ஸ் கட்டணும்"னு சொல்லிட்டார்.

எனக்கு மிருகத்தைச் சுடுறதே பிடிக்காது. ஆனா அவர் என் விருப்பத்தைக் கேட்கலை, சட்டத்தைக் கேட்டார். சரின்னு உட்கார்ந்து படிச்சேன். படிச்சதில் உங்களுக்கும் கொஞ்சம்.

முதல்ல நம்ம ஊர் கதை. 1970 வரைக்கும் இந்தியாவிலேயே இந்த பிசினஸ் ஜோரா நடந்திருக்கு பாஸ். 'ஷிகார்' கம்பெனிகள் வெளிநாட்டுக்காரங்களை அழைச்சுட்டுப் போய்ப் புலி சுட வெச்சிருக்காங்க. 1970-ல் புலி வேட்டைக்குத் தடை, 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1991 திருத்தத்தில் லைசென்ஸ் வாங்கி வேட்டையாடுற பழக்கத்துக்கே மூட்டை கட்டிட்டாங்க. ஆனா இந்தச் சட்டத்தோட எல்லை இந்தியா. அந்தப் பக்கம் போனா அந்தந்த நாட்டுச் சட்டம்தான்.

அங்கேதான் தலை சுத்தும். கென்யாவில் 1977-லிருந்தே வேட்டைக்குத் தடை. பக்கத்து நாடான தான்சானியாவில் அனுமதி உண்டு. போட்ஸ்வானா 2014-ல் தடை போட்டுச்சு, 2019-ல் எடுத்துடுச்சு. ஜாம்பியா 2013-ல் சிங்கம், லெப்பர்ட் ரெண்டையும் சுடக்கூடாதுன்னு சொன்னது, அப்புறம் தளர்த்திடுச்சு. தென்னாப்பிரிக்கா 2016-ல் 'இந்த வருஷம் லெப்பர்ட் கோட்டா பூஜ்யம்'னு அறிவிச்சது. போன வருஷம் போயிட்டு வந்தவர் கதையை நம்பி இந்த வருஷம் ஃப்ளைட் ஏறினா அம்பேல்!

அடுத்தது பேர்க் குழப்பம். நாம லெப்பர்டையும் 'சிறுத்தை'ங்கிறோம், சீட்டாவையும் 'சிறுத்தை'ங்கிறோம். சீட்டாவுக்குச் சரியான பேர் சிவிங்கிப்புலி. பேர் மாறினா சட்டமும் மாறும். 'சைட்டிஸ்'னு ஒரு சர்வதேச ஒப்பந்தம், 1975-ல் அமலுக்கு வந்தது. இந்தியா சேர்ந்தது 1976-ல். வீட்டுப் பூனையைத் தவிர பூனைக் குடும்பம் மொத்தமும் அதோட பட்டியலில் இருக்கு. லெப்பர்டும் சிவிங்கிப்புலியும் கடுமையான முதல் பட்டியல். ஆப்பிரிக்கச் சிங்கம் ரெண்டாவது பட்டியல். முதல் பட்டியல் மிருகத்தோட பாடம் பண்ணின தலையையோ தோலையோ எடுத்துட்டு வரணும்னா, அந்த நாட்டு ஏற்றுமதி பெர்மிட் மட்டும் போதாது. வந்து இறங்குற நாட்டோட இறக்குமதி பெர்மிட்டும் முன்கூட்டியே வேணும். இல்லேன்னா ஏர்போர்ட்லயே கதை முடிஞ்சது.

அந்தப் பட்டியலுக்குள்ளேயும் நாட்டுக்கு நாடு கோட்டா உண்டு. நமீபியாவுக்கு சிவிங்கிப்புலி வருஷத்துக்கு 150, உயிரோடவும் பாடம் பண்ணினதும் சேர்த்து. அதே நமீபியாவிலிருந்துதான் 2022 செப்டம்பர் 17-ல் எட்டு சிவிங்கிப்புலி ராஜமரியாதையோட மத்தியப் பிரதேசத்துக் குனோ காட்டுக்கு வந்து இறங்கின. ஒரே மிருகம்தான். ஒண்ணுக்கு சிவப்புக் கம்பளம், இன்னொண்ணுக்குத் தோட்டா. படிச்சப்ப எனக்குக் கொஞ்ச நேரம் ஒண்ணுமே ஓடலை.

'ஏஜென்ட் எல்லாத்தையும் பார்த்துப்பான்'னு நினைக்கிறவங்க 'செஸில்' கதையைத் தெரிஞ்சுக்கணும். ஜிம்பாப்வேயில் ஹ்வாங்கே தேசியப் பூங்காவோட செல்லச் சிங்கம் அது. ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் கழுத்தில் ரேடியோ பட்டை கட்டிக் கண்காணிச்சுட்டு இருந்தாங்க. 2015 ஜூலையில் பூங்காவுக்கு வெளியே, ஒரு தனியார் நிலத்தில் அதைக் கொன்னவர் வால்டர் பால்மர்ங்கிற அமெரிக்கப் பல் டாக்டர். 50,000 டாலர் வரைக்கும் கட்டினதா செய்தி. உலகமே கொதிச்சப்ப அவர் சொன்ன பதிலோட சாரம், 'பெர்மிட் விஷயத்தில் உள்ளூர் கைடுகளை நம்பினேன்' என்பதுதான்.

ஆனா அந்த நாட்டு வனத்துறை, 'அந்த நிலத்துக்கு சிங்கக் கோட்டாவே கிடையாது'ன்னு சொன்னது. கைடு மேலயும் நிலத்துக்காரர் மேலயும்தான் கேஸ். டாக்டர் பேப்பர் சரியா இருந்துச்சுன்னு அவரை விட்டுட்டாங்க. கைடு மேல இருந்த வழக்கையும் 2016-ல் கோர்ட் தள்ளிடுச்சு. கடைசியில் யாருக்கும் தண்டனை இல்லை, சிங்கம் மட்டும் இல்லை.

இவ்வளவையும் படிச்சுட்டு, சாருக்கு ஒரு வெள்ளைத் தாளில் நாலு கேள்வி எழுதிக் கொடுத்தேன். ஒண்ணு, இந்த வருஷக் கோட்டாவில் அந்த நிலத்துக்கு எத்தனை? அரசாங்கக் கடிதம் எங்கே? ரெண்டு, பெர்மிட் யார் பேரில், எந்தத் தேதி வரைக்கும்? மூணு, கைடோட லைசென்ஸ் நம்பரை அந்த நாட்டு வனத்துறையிலேயே நேரா கேட்டுச் சரிபார்க்கலாமா? நாலு, மிருகம் காட்டில் வளர்ந்ததா, சுடுறதுக்காகவே வேலிக்குள்ள வளர்த்ததா?

சார் அப்படியே ஏஜென்ட்டுக்கு அனுப்பினார். 'கவலைப்படாதீங்க சார், நாங்க பார்த்துக்கிறோம்'னு ஒரே வரி பதில். சார் என்னைப் பார்த்தார். "நான் இரும்பு வாங்கினாக்கூட டெஸ்ட் சர்டிஃபிகேட் இல்லாம லாரியை கேட்டுக்குள்ள விடமாட்டேன் தம்பி"ன்னார். அட்வான்ஸ் போகலை. அவர் மனசு மாறிட்டாரான்னு கேட்காதீங்க. பேப்பர் வந்தா போவேன்னுதான் இன்னமும் சொல்றார்!

எனக்கு உறுத்துறது வேற. நம்ம திருவள்ளூர் மாவட்டத்தில் எத்தனையோ இருளர் குடும்பங்கள் இருக்கு. 1972 சட்டம் வந்ததும் பாம்புத் தோல் வியாபாரம் நின்னு, அதை நம்பியிருந்த இருளர்கள் பிழைப்பு போய்த் தவிச்சாங்க. இன்னிக்கு பசிக்கு ஒரு உடும்பைப் பிடிச்சாலும் ஜெயில். சட்டம் அவங்களுக்கு அவ்வளவு கறார். காசு இருந்தா, எந்த நாட்டில் எது லீகல்னு தேடிப் போய்ச் சுடலாம். சட்டத்தில் இடம் இருக்குங்கிறதும், செய்யலாம்ங்கிறதும் ஒண்ணான்னு நீங்களே யோசிங்க.

ஒரு நல்ல சேதி சொல்லி முடிச்சுக்கிறேன். அந்த இருளர்களிலேயே மாசி சடையன், வடிவேல் கோபால்னு ரெண்டு பேர் 2017-ல் வெளிநாட்டுக்கு வேட்டைக்குப் போனாங்க. அழைச்சது ஃப்ளோரிடா மாநில வனவிலங்குத் துறையும் அங்கத்து யுனிவர்சிட்டியும். அந்த ஊர்க் காட்டை அழிச்சுட்டு இருந்த பர்மா மலைப்பாம்புகளைப் பிடிக்கணும். முதல் ரெண்டு வாரத்துக்குள்ளேயே 13 பிடிச்சு அசத்திட்டாங்க! 2023-ல் ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ. அங்கே டூரிஸ்ட் யாரும் இல்லை. கைடே நம்ம ஆளுங்கதான்!