வெங்காய மூட்டைக்குள்ள ஒரு சீட்டு

எங்க பக்கம் த்ரீ பேஸ் கரண்ட் எப்ப வரும்னு மோட்டாருக்கே தெரியாது. வெங்காயத்துக்குத் தண்ணி கட்டணும்னா ராத்திரி மோட்டார் கொட்டகையில கயித்துக் கட்டிலப் போட்டுக் காத்துக் கிடக்கணும். போன தடவை ஊருக்கு வந்திருந்த பையன், "நானும் வர்றேம்ப்பா"ன்னு லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்துட்டான். ஒரு பக்கம் கொசு, ஒரு பக்கம் சினிமா.

பையன் பெங்களூர்ல வீடியோ கேம் செய்யுற கம்பெனியில இருக்கான். பள்ளிக்கூடம் படிக்கையில செல்போனும் கையுமா கிடந்ததுக்கு நான் திட்டாத திட்டு இல்ல. இப்ப அதுதான் அவனுக்குச் சோறு போடுது. வெளிநாட்டுக்காரங்க கேமுக்கு மரம், பாறை, புல்லு பூண்டெல்லாம் வரைஞ்சு குடுக்குறது அவன் வேலை. "நம்ம கொட்டகை வேப்பமரத்த எங்கயாச்சும் வெச்சிருக்கியாடா"ன்னு கேட்டேன். சிரிச்சுட்டு விட்டுட்டான்.

அவன்கூட உக்காந்து படம் பாக்குறது ஒரு தொல்லை. சண்டை உச்சத்துல இருக்கும்போது நிறுத்தி, "அப்பா, அந்த மூலையில பாரு"ம்பான். 2012ல வந்த அவெஞ்சர்ஸ் படத்துல, பறக்குற கப்பலுக்குள்ள எல்லாரும் மும்முரமா வேலை பாக்குறாங்க. டோனி ஸ்டார்க் வந்து, அங்க ஒருத்தன் கேலகா விளையாடிட்டு இருக்கான்னு போட்டுக் குடுப்பான். கேலகா 1981ல வந்த பழைய விளையாட்டாம். டோனி அந்தப் பக்கம் போனதும் அந்த ஆள் மறுபடி விளையாட ஆரம்பிச்சிருவான். நூறு நாள் வேலையில மரத்தடியில தாயம் உருட்டுறவங்க ஞாபகம் வந்து எனக்குச் சிரிப்பு தாங்கல.

1991ல வந்த டெர்மினேட்டர் 2 படத்த நான் டிவியில எத்தனையோ தடவை பாத்திருக்கேன். அதுல அந்தப் பையன் கடையில நின்னு விளையாடுறது மிசைல் கமாண்ட்னு இப்பத்தான் தெரியும். வானத்துல இருந்து ஏவுகணை வந்து விழும், ஊரக் காப்பாத்தணும். படத்தோட கதையும் அணுகுண்டுல உலகம் அழியறதுதானே? சும்மா கொண்டாந்து வைக்கல பாருங்க.

ரெக்-இட் ரால்ஃப் கார்ட்டூன் படத்துல வர்ற க்யூபர்ட்தான் என்னை உலுக்கிருச்சு. ஆரஞ்சு கலர்ல, நீள மூக்கு வெச்ச சின்ன உருவம். 1982ல பேர் போன கேமாம். இந்தப் படத்துல அதோட மிஷின் பிளக்கைப் பிடுங்கிட்டாங்க, வீடு வாசல் போச்சு. ரயில்வே ஸ்டேஷன் மாதிரி ஒரு எடத்துல தட்டேந்தி உக்காந்திருக்கும். கெணறு வத்தி, இருந்த ரெண்டு மாட்டையும் வித்துட்டு திருப்பூர் பஸ் ஏறுன ஆளுங்கள நான் பாத்திருக்கேன். அதுக்கு மேல அந்தப் பொம்மையப் பத்தி எழுத எனக்கு ஒன்னும் இல்ல.

கரண்ட் வராம நாங்க முழுசாப் பாத்த படம், 2018ல ஸ்பீல்பெர்க் எடுத்த ரெடி பிளேயர் ஒன். அது முழுக்க விளையாட்டு உலகம். ஸ்ட்ரீட் ஃபைட்டர்ல வர்ற சுன்-லியில ஆரம்பிச்சு யார் யாரோ வந்து போறாங்க, எனக்கு ஒருத்தரையும் தெரியல. ஆனா கடைசிப் போட்டி மட்டும் மனசுல ஒட்டிக்கிச்சு. பனிக்கட்டித் தரை மேல பழைய அடாரி பெட்டி ஒன்னு. அதுல அட்வெஞ்சர்னு ஒரு கேம் விளையாடணும். வில்லன் ஆளு ஜெயிச்சிருவான், ஆனாலும் தரை ஒடைஞ்சு உள்ள போயிருவான். கதாநாயகனுக்கு அப்பத்தான் புரியும், ஜெயிக்குறதுல ஒன்னும் இல்ல, அதுக்குள்ள ஒளிச்சு வெச்ச ரூமைக் கண்டுபிடிக்கணும்னு.

"அது நெசமாவே இருக்குப்பா"ன்னு பையன் படத்த நிறுத்திட்டுக் கதைய ஆரம்பிச்சான்.

அந்த கேமைச் செஞ்ச ஆள் பேரு வாரன் ராபினெட். அடாரி கம்பெனியில சம்பளத்துக்கு இருந்தவர். அப்பல்லாம் கேமை ஒருத்தரே முழுசா உருவாக்குவார். ஆனா அட்டைப் பெட்டியில செஞ்சவர் பேரப் போட மாட்டாங்க, கம்பெனி பேர் மட்டும்தான். எவ்வளவு வித்தாலும் அவருக்கு மாசச் சம்பளம்தான். இதுல வெறுத்துப் போய் 4 பேர் 1979ல வெளிய வந்து ஆக்டிவிஷன்னு தனியாக் கம்பெனியே தொடங்கிட்டாங்க. ராபினெட் சத்தம் போடல. கேமுக்குள்ள, கண்ணுக்கே தெரியாத ஒரு சாம்பல் கலர் புள்ளிய வெச்சார். அதை எடுத்துட்டு ஒரு குறிப்பிட்ட எடத்துக்குப் போனா சுவத்தைத் தாண்டி உள்ள போகலாம். உள்ள ரூம்ல, இதை உருவாக்கியது வாரன் ராபினெட்னு எழுத்து மினுக்கிட்டு நிக்கும். கூட வேலை பாத்தவங்ககிட்டகூட மூச்சு விடல. வேலையையும் விட்டுட்டுப் போயிட்டார். கேம் 1980ல கடைக்கு வந்த பிறகு, சால்ட் லேக் சிட்டியில இருந்து 15 வயசுப் பையன் ஒருத்தன் கம்பெனிக்கு லெட்டர் போட்டான், இப்படி ஒரு ரூம் இருக்குன்னு. அதை எடுக்கச் செலவு அதிகம்னு அப்படியே விட்டாங்க. அதுக்குத்தான் ஈஸ்டர் முட்டைன்னு பேர் வந்துச்சு.

கதை முடிஞ்சு நான் பேசாம இருந்தேன். "உன் பேரு அந்த கேம்ல எல்லாம் வருமாடா?"ன்னு கேட்டேன். "மெயின் கம்பெனிக்காரங்க பேரு ஓடும்ப்பா. எங்களது வராது"ன்னான், கிணத்துல தண்ணி எவ்வளவு இருக்குன்னு சொல்ற மாதிரி.

நான் முப்பது வருசமா வெங்காயம் போடுறேன். நடவு, களை, அறுப்பு, தாள் அரியறது, மூங்கில்ல பட்டறை போட்டு மழை படாம மாசக் கணக்குல காப்பாத்துறதுன்னு எல்லாம் முடிச்சு மூட்டை கட்டுனா, மேல மண்டிக்காரர் மார்க்கைப் பெயிண்ட்ல அடிச்சிருவாங்க. அதுக்கப்புறம் அது யார் வெங்காயம்?

மறுநாள் மூட்டை தைக்கும்போது பையன் நோட்டுத் தாளைக் கிழிச்சு 10 சீட்டு எழுதுனான். என் பேரு, ஊரு, போன் நம்பர், 'இதை விளைவிச்சவர்'னு. 10 மூட்டைக்கு நடுவுல வெச்சுத் தெச்சோம். தாள் அரிய வந்த அக்காமாருங்க "லவ் லெட்டரா?"ன்னு கேட்டுச் சிரிச்சாங்க. அவங்க பேரை எழுதணும்னு எனக்கு அப்பத் தோணல. பெறகுதான் உறைச்சுது.

மூணு வாரம் கழிச்சு ஒரு போன். சென்னையில ஓட்டல்ல வெங்காயம் உரிக்கிற தம்பி. விழுப்புரம் பக்கமாம். "அண்ணே, சீட்டு ஒன்னு கெடந்துச்சு. நெசமா நீங்கதானா?"ன்னான். அங்க கிலோ 70 ரூபாய்க்கு வாங்கினாங்களாம். நான் போட்டது 28க்கு. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்னும் பேசல. அப்புறம் அவங்க ஊர்ல மழை பேஞ்சுதான்னு கேட்டேன்.

பையனுக்கு உடனே போன் போட்டுச் சொன்னேன். சந்தோசம் தாங்கல அவனுக்கு. பேச்சுவாக்குல, "நானும் ஒன்னு வெச்சிருக்கேம்ப்பா"ன்னான்.

"எதுல? எந்த கேம்?"

"ராபினெட் சொன்னாரா?"

"வேப்பமரமாடா?"

"த்ரீ பேஸ் வந்துருச்சான்னு போய்ப் பாருப்பா"ன்னு சொல்லிப் போனை வெச்சுட்டான்.