பார்த்துக் கொடுங்கள்

சென்ற ஆண்டு ஆவணியில் ஒரு பிற்பகல், இளங்கலைத் தமிழ் மூன்றாமாண்டு மாணவி ஒருவர் நம் அறை வாயிலில் வந்து தயங்கி நின்றார். அச்சகத்தார் ஒருவர் 120 பக்க நூலொன்றை மெய்ப்புத் திருத்தத் தந்திருந்தாராம். பத்து இரவுகள் கண்விழித்துத் திருத்திக் கொடுத்திருக்கிறார். கைக்கு வந்தது 300 ரூபாய்.

"நீ எவ்வளவும்மா கேட்ட?" என்றோம்.

"நான் ஒண்ணும் கேக்கலைங்கய்யா. நீங்க பாத்துக் குடுங்கன்னு சொன்னேன்."

அந்த ஒரு தொடரில் நாம் சற்று நேரம் நின்றுவிட்டோம். தனிப்பயிற்சி சொல்லித்தரும் ஆசிரியர் சொல்வது அது. கவியரங்கத்துக்கு அழைக்கப்பட்ட கவிஞர் சொல்வது அது. பந்தல் போடுகிறவரும் நாகசுரக்காரரும் சொல்வது அது. மேலுக்குப் பண்பாக ஒலிக்கும் அச்சொல்லின் அடியில் ஓர் அச்சம் படுத்திருக்கிறது. விலையைச் சொன்னால் எதிரே இருப்பவர் முகம் மாறிவிடுமோ என்ற அச்சம். உழைப்பை நாம் கொடுத்துவிட்டு, அதற்கு மதிப்பிடும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம்.

நம் தந்தையார் மதுரையில் ஒரு பலசரக்கு மண்டியில் 31 ஆண்டுகள் கணக்கெழுதியவர். ஊரார் கணக்கெல்லாம் அவர் விரல்நுனியில் இருந்தது. ஆண்டுதோறும் தீபாவளிக்கு முன் முதலாளி அழைத்து, "என்னய்யா, சம்பளம் என்ன போடலாம்?" என்று கேட்பார். தந்தையார் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "மொதலாளி பாத்துச் செய்யுங்க" என்பார். முதலாளி கெட்டவரல்லர். பார்த்துத்தான் செய்தார், தமக்கு எட்டிய அளவில் பார்த்தார். 31 ஆண்டு முடிவில் வீட்டில் மிஞ்சியவை தங்கையின் திருமணக் கடனும் தந்தையாரின் மூட்டுவலியும்.

2002-இல் முதுகலைத் தமிழ் முடித்து வெளியே வந்தபோது நம்மிடம் முதல்வகுப்புச் சான்றிதழ் ஒன்று இருந்தது; வேலை இல்லை. ஆறு மாதம் விண்ணப்பங்கள் எழுதிச் சலித்தபின், ஆங்கிலம் கற்பிக்கும் நூல் தொகுதிகளை வீடுவீடாகச் சென்று விற்கும் நிறுவனமொன்றில் சேர்ந்தோம். சம்பளம் கிடையாது. தொகுதியின் விலை 1,800 ரூபாய். முன்பணம் 300, மீதி ஐந்து தவணை. ஒரு தொகுதி விற்றால் நமக்கு 270 ரூபாய். தமிழ் படித்தவன் ஆங்கில நூல் விற்பதா என்று வகுப்புத் தோழர்கள் சிரித்தனர். தந்தையார் சிரிக்கவில்லை. "தோள்பையோட நம்ம தெருவுக்குள்ள மட்டும் வராதப்பா" என்று மெதுவாகச் சொன்னார்.

நம் குழுத்தலைவர் பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர். சொல்லின் ஆற்றலைப் பற்றி அவரிடம் நாம் கற்ற அளவு பல்கலைக்கழகத்தில் கற்றோமா என்பது ஐயமே. முதல் நாள் செல்லூர்த் தெருவொன்றில் அவர் சொன்ன பாடம் இது: "தம்பி, கதவத் தட்டிட்டு ரெண்டடி பின்னால தள்ளி நிக்கணும். வாசல அடைச்சுக்கிட்டு நின்னா பொம்பளயாளுக பயந்துருவாக." இரண்டாவது பாடம், முதலில் பேசாதே, கேள் என்பது. வீட்டில் எத்தனை பிள்ளைகள், எந்தப் பள்ளி, மாலையில் யார் பாடம் சொல்லித்தருகிறார் என்று கேட்டால் அவர்களுக்கு வேண்டியது என்ன என்பதை அவர்களே சொல்லிவிடுவர். மூன்றாவது பாடம்தான் கடினமானது. விலையைச் சொன்னதும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். நாமோ 1,800 என்று சொன்ன மறுகணமே, "கூடுதலாத் தெரியும், ஆனா..." என்று தொடங்கிவிடுவோம். "அவுக ஒண்ணும் சொல்றதுக்கு முன்னாடியே நீ ஏன்யா மன்னிப்புக் கேக்குற?" என்று கடிந்துகொள்வார்.

ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் கணக்கெழுதச் சொன்னார். இரண்டு மாத முடிவில் அந்தக் கணக்கு தெளிவாகியது. 40 கதவுகளைத் தட்டினால் ஆறேழு வீடுகளில் நின்று பேசுவர். இரண்டு வீடுகளில் விலை கேட்பர். ஒரு வீட்டில் வாங்குவர். 270 ரூபாயை 40 கதவுகளுக்குப் பங்கிட்டால் கதவொன்றுக்கு ஆறே முக்கால் ரூபாய். "மூஞ்சில அடிச்ச மாதிரிக் கதவச் சாத்துறான் பாரு, அவனும் ஆறே முக்கா ரூவா உனக்குக் குடுத்துட்டுத்தான் சாத்துறான்" என்றார். மறுப்பை அவமானமாக எண்ணிக் குமைந்துகொண்டிருந்த நமக்கு அது பெரிய விடுதலை. மறுப்பும் தொழிலின் ஒரு பகுதி என்று அறிந்தபின் கால்கள் தாமே நடந்தன. ஐந்தாம் மாதம் தந்தையாரின் சம்பளத்தைக் காட்டிலும் நம் வருவாய் கூடுதலாக இருந்தது. தங்கையின் கடனில் மூன்றிலொரு பங்கை அந்த ஆண்டே அடைத்தோம்.

இங்கேயே நிறுத்திக்கொண்டால் இது வெற்றிக்கதை ஆகிவிடும். நடந்தது அதுவன்று.

செல்லூரில் ஒரு வீடு. கணவர் தறிவேலை செய்பவர்; ஆறாம் வகுப்பில் ஒரு மகன். அந்த அம்மாள் தொகுதியைத் தொட்டுத்தொட்டுப் பார்த்தார். விலையைக் கேட்டதும் கையை எடுத்துக்கொண்டார். நாம் வாய்மூடி இருந்திருக்க வேண்டிய இடம் அது. ஆனால் அதற்குள் நமக்குச் சொல்வன்மை வந்துவிட்டிருந்தது. "பையன் நாளைக்குக் கலெக்டராகி வரணும்னா இன்னைக்கு நம்மதானக்கா எதாச்சும் செய்யணும்?" என்றோம். தமிழ் இலக்கியம் கற்றுத்தந்த குரலேற்ற இறக்கமெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. அவர் உள்ளே போய்ப் பக்கத்து வீட்டாரிடம் ஏதோ பேசி, மறுநாள் வரச்சொன்னார். மறுநாள் 300 ரூபாய் ஆயத்தமாக இருந்தது.

அடுத்த மாதம் தவணை வாங்கச் சென்றபோது தொகுதி அலமாரியின் மேல் அட்டைப்பெட்டியோடு இருந்தது. கண்ணாடித்தாள் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. அந்த வீட்டில் அதை எடுத்து வாசித்துக்காட்ட ஒருவருமில்லை. பையன், "அண்டாவ வச்சுத்தான் அம்மா அன்னைக்குக் காசு குடுத்துச்சு" என்றான். அந்த அம்மாள் அவனை அதட்டிவிட்டு, இரண்டாம் தவணையை எண்ணிக் கையில் வைத்தார்.

அதை நாம் வாங்கிக்கொண்டோம். இதை எழுதுவதற்கு 20 ஆண்டுகளுக்கு மேலாகியிருக்கிறது. பின்னர் ஞாயிற்றுக்கிழமைகளில் சென்று பையனுக்கு அந்நூல்களைச் சொல்லிக்கொடுத்தோம். நான்கு வாரத்தோடு அதுவும் நின்றது. 2004-இல் ஒரு சுயநிதிக் கல்லூரியில் 3,500 ரூபாய்ச் சம்பளத்தில் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. நேர்காணலில் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டனர். இரண்டாண்டு விற்பனையில் கற்ற அத்தனையும் மறந்து, "நீங்க பாத்துக் குடுங்க" என்றோம்! விற்பதன் மீது வந்த வெட்கமும் செல்லூர் வீட்டின் குற்றவுணர்வும் ஒன்றாய்க் கலந்துவிட்டிருந்தன. நம்மை விற்காதிருப்பதே அறம் என்று எண்ணிக்கொண்டோம். அது அறமன்று, கோழைத்தனம் என்று விளங்க நெடுங்காலம் ஆயிற்று.

விளங்கவைத்தது சிலப்பதிகாரம். ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தும் காப்பியந்தான். கோவலன் பெருவணிகன் மகன். ஆயினும் காப்பியத்தில் அவன் ஒரு பொருளை விற்கச் செல்வதை நாம் காண்பது ஒரே ஒருமுறை. அதிலேயே உயிரை இழக்கிறான். அதற்கு முன்பே அவன் மதுரையின் கடைவீதிகளைச் சுற்றிப் பார்த்திருக்கிறான். மணிகளின் குற்றமும் குணமும் அறிந்தோர் இருக்கும் வீதியையும், நால்வகைப் பொன்னைப் பிரித்தறிவோர் இருக்கும் வீதியையும் இளங்கோவடிகள் விரித்துரைக்கிறார். அத்தனையும் கண்டவன், விற்கும் நாளில் அவ்வீதியினர் எவரிடமும் விலை கேட்கவில்லை. வழியில் எதிர்ப்பட்ட பொற்கொல்லனிடம், அரசிக்கு ஏற்ற ஒரு காலணிக்கு நீ விலை மதிக்க முடியுமா என்று கேட்கிறான். இதைத்தான் நம் தெருமொழியில் 'பார்த்துக் கொடுங்கள்' என்கிறோம். சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கம் என்பதை அவன் எவரிடமும் சொல்லவில்லை. உடைத்துக் காட்டியவள் கண்ணகி. அப்போது காலம் கடந்துவிட்டது. ஊழ்வினை என்பது காப்பியத்தின் விடை; அதை மறுக்க நாம் யார்? ஆனால் தறிக்காரர், கொத்தனார் வீட்டுப் பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பில் ஊழ் என்று மட்டும் சொல்லிவிட்டு நகர நமக்கு மனம் வரவில்லை.

கோவலனுக்கு மறுதலையாக நாம் நிறுத்துவது அகநானூற்று உப்பு விற்கும் பெண்ணை. 140-ஆம் பாட்டு, அம்மூவனார் பாடியது. வளையொலிக்கக் கைவீசிச் சேரிக்குள் வருகிறாள். நெல்லுக்கு ஒத்த அளவு உப்பு என்று கூவுகிறாள். பழகாத குரல் கேட்டு வீட்டு நாய் குரைக்கிறது. அவள் கண்கள் மருள்கின்றன. வீடுவீடாய்ச் சென்று விற்றவர்க்கு அந்த நாயை நன்றாகத் தெரியும். அச்சம் அவளுக்கும் இருந்தது. இருந்தும் பொருள் எது, விலை எது என்ற இரண்டையும் தெரு முழுதும் கேட்கச் சொன்னாள். பாரதியார் 1920-இல் தம் நூல்களை 40 பகுதிகளாக, பகுதிக்கு 10,000 படிகள் அச்சிடத் திட்டமிட்டு, அவை மண்ணெண்ணெய் போலவும் தீப்பெட்டி போலவும் விலைபோகும் என்று நண்பர்களுக்கு எழுதினாரல்லவா? அத்திட்டம் நிறைவேறவில்லை. ஆனால் தம் எழுத்தைத் தீப்பெட்டியோடு ஒரே தட்டில் வைக்க அவர் கூசவில்லை.

செல்லூருக்கு விடை பட்டினப்பாலையில் இருக்கிறது. கொள்வதில் மிகையின்றியும் கொடுப்பதில் குறையின்றியும் நடந்த புகார் வணிகரை உருத்திரங்கண்ணனார் நடுவுநிலையாளர் என்று போற்றுகிறார். நாம் செய்த பிழை விற்றது அன்று. அந்த வீட்டுக்குப் பயன்படாத ஒன்றை, பயன்படாது என்று அரைமனத்தோடு அறிந்தே, சொல்லால் மூடி விற்றது. திறமும் அறமும் எதிரிகள் அல்ல. திறம் மட்டும் வளர்ந்து கேட்கும் செவி மழுங்கிப்போனால் செல்லூர் நேரும். அறத்தின் பெயரால் வாய்மூடி இருந்தால் தந்தையாரின் 31 ஆண்டுகள் நேரும்.

அந்த மாணவிக்கு வருவோம். காகிதமும் பேனாவும் கொடுத்துக் கணக்கிடச் சொன்னோம். மணிக்கு நான்கு பக்கம், 120 பக்கத்துக்கு 30 மணி நேரம், 300 ரூபாய். மணிக்குப் பத்து ரூபாய் என்று எழுதியபின் அவர் நெடுநேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துக்கு 20 ரூபாய் என்று அவரே முடிவு செய்தார். பிறகு நாம் அச்சகத்தாராக நடிக்க, அவர் விலை சொல்லிப் பழகினார். முதல் ஐந்து முறையும் விலையைச் சொன்னவுடன் சிரித்துவிட்டார். ஆறாம் முறை சொல்லிவிட்டுப் பேசாதிருந்தார்.

கார்த்திகையில் அவர் மீண்டும் வந்தார். அதே அச்சகம், 96 பக்க நூல். 20 ரூபாய் என்றதும் அச்சகத்தார் 15 என்றாராம். "அப்பன்னா ஒரு தடவதான் சார் பாக்க முடியும், ரெண்டு தடவன்னா இருபது" என்று சொல்லியிருக்கிறார். அவரும் சற்று யோசித்து ஒப்புக்கொண்டார். 1,920 ரூபாய். அதைச் சொல்லும்போது முகத்தில் மகிழ்ச்சியைவிடக் கலக்கமே மிகுந்திருந்தது.

"அய்யா, கூட வாங்கிட்டேனோ?"

அந்தக் கேள்வி அவரிடம் இருந்தது நமக்கு நிறைவாக இருந்தது. அந்த வயதில் நம்மிடம் அது இருக்கவில்லை.

"குடுத்த காசுக்கு அவருக்கு வேண்டியது கெடச்சுதாம்மா?"

"மூணு தடவ பாத்தேங்கய்யா" என்றார்.

"அப்ப அடுத்த புத்தகத்துக்கும் இருபதே சொல்லு" என்றோம்.