களிமண்ணும் சொல்லும்: ஒரு பாலர்பள்ளி ஆசிரியையின் கதை



சென்ற மாதம் கலைக்கல்விப் பாடத்தில் மாணவர்களுக்குக் களிமண் கொடுத்து, விரும்பியதைச் செய்யச் சொன்னேன். ஒரு மாணவி சிறிய பானை ஒன்றைச் செய்து, அதன்மேல் குச்சியால் கோடுகள் கீறினாள். "இது என்னம்மா?" என்றேன். "பாட்டி வீட்டுப் பானை, டீச்சர். பாட்டி அதற்கு ஒரு பெயர் சொல்வார். எனக்கு மறந்துவிட்டது" என்றாள். பாட்டி காலமாகி ஓராண்டு ஆகிறதாம். என்னால் அச்சொல்லை மீட்டுத் தர இயலவில்லை. அன்றிரவு எனக்கு நினைவில் வந்தவர் தானகுப்பி.

ஆஸ்திரேலியாவின் வடகோடியிலுள்ள கேப் யார்க் தீபகற்பத்தில், வீப்பா என்னும் ஊரில் 1937ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். தைனக்வித் என்னும் பழங்குடியைச் சேர்ந்தவர். கிளோரியா பிளெட்சர் என்ற பெயராலும் அறியப்பட்டார். எனினும் தம் தாய்மொழிப் பெயரையே கலையுலகில் நிலைநிறுத்தினார். அப்பெயர் வாட்டில் மரத்தின் பூவைக் குறிக்கும்.

அவர் முதலில் நம்மைப் போன்றவர், பாலர்பள்ளி ஆசிரியை. முப்பது வயதைக் கடந்தபின், 1971இல் சிட்னிக்குச் சென்று தொழில்நுட்பக் கல்லூரியில் மட்பாண்டக் கலையைப் பயின்றார். இம்முடிவு எளிதன்று. அவர் பிறந்த சமூகத்தில் களிமண் சடங்குகளுக்குரிய புனிதப் பொருள். உடலில் பூசி ஆடுவதற்குரியது. அதனைச் சூளையிலிட்டுச் சுட்டுக் கலைப்பொருளாக்கும் மரபு அங்கு இல்லை. ஆகவே, புதிய கலை ஒன்றைக் கற்பதோடு, முன்னோர் மதித்த பொருளை மதிப்புக் குன்றாமல் கையாளும் பொறுப்பும் அவருக்கு இருந்தது.

அவருடைய கலங்களுள் பல உருண்டை வடிவானவை, கையாலேயே உருவாக்கப்பட்டவை. அவற்றின் மேற்பரப்பை ஆழமாகக் கீறி, தம் மக்களின் தொன்மக் கதைகளையும் அந்நிலத்து உயிரினங்களையும் வரைந்தார். எழுத்து வழக்கில்லாத மொழியின் கதைகள் இவ்வாறு சுட்ட மண்ணில் பதிவாயின. ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் இக்கால மட்பாண்டக் கலைக்கு முன்னோடி என இன்று அவரைப் போற்றுகின்றனர்.

அவர் பிறந்த வீப்பாவின் செம்மண்ணில் பாக்சைட் தாது நிறைந்துள்ளது. அலுமினியத்துக்காக அந்நிலத்தைச் சுரங்க நிறுவனங்கள் தோண்டின. பிற்காலத்தில் அவர் அந்த அலுமினியத்தையே வார்த்து, அதிலும் தம் முன்னோர் கதைகளைப் பொறித்தார்.

புகழ் பெற்றபின்னும் ஆசிரியப் பணி அவரைவிட்டு நீங்கவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்குக் கலையும் மரபும் கற்பித்தார். தைனக்வித் மொழியைச் சரளமாகப் பேசியோர் மிகச் சிலராகிவிட்ட நிலையில், அம்மொழிக்கும் பண்பாட்டுக்கும் ஓர் அகராதியை 2007இல் வெளியிட்டார். 2011இல் அவர் மறைந்தார்.

அன்பர்களே, தமிழ் அத்தகைய நிலையில் இல்லை. கோடிக்கணக்கானோர் பேசும் மொழி. நமக்குப் பள்ளிகளும் பாடநூல்களும் உள்ளன. ஆயினும், என் மாணவியின் பாட்டி சொன்ன அந்த ஒரு சொல் எந்தப் பாடநூலிலும் இல்லை. அது அடுப்படியில் இருந்தது. அவரோடு போய்விட்டது. தானகுப்பி தம் மக்களின் சொற்களைத் தேடித் தேடித் தொகுத்தார். நானோ, வகுப்பில் தேர்வுக்குரிய சொற்களை மட்டுமே கேட்டு வந்திருக்கிறேன்.

இவ்வாரம் என் மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்துள்ளேன். வீட்டிலுள்ள முதியவரிடம் ஒரு பழைய பொருளின் பெயரைக் கேட்டு, அதனைக் களிமண்ணில் செய்து, அடியில் அப்பெயரைக் கீறி வரவேண்டும். பெற்றோர்களே, பிள்ளைகள் வந்து கேட்கும்போது "பிறகு பார்க்கலாம்" என்று சொல்லிவிடாதீர்கள். தாத்தா பாட்டியிடம் அழைத்துச் செல்லுங்கள்.

அந்த மாணவியின் பானை என் மேசைமேல் இருக்கிறது. அதன் அடிப்பகுதி மட்டும் இன்னும் வெறுமையாகவே உள்ளது.