பறக்க விடாத நாள்

எங்கள் ஊர் பட்டிப்பொல. பதுளை ரயிலில் போனவர்களுக்கு அந்தப் பெயர்ப்பலகை நினைவிருக்கும். கடல் மட்டத்திலிருந்து 1,890 மீற்றருக்கு மேலே உள்ள, இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம் எங்களுடையது. சுற்றுலா வருபவர்கள் இறங்கி நின்று பலகையோடு படம் எடுப்பார்கள். பனிமூட்டம் பலகையை மூடியிருந்தால் ஏமாற்றத்தோடு திரும்பி ஏறிவிடுவார்கள். எங்களுக்கோ அந்த மூட்டம் வீட்டு ஆள் மாதிரி.

நான் உயர்தரம் கணிதப் பிரிவில் படிக்கிறேன். விடுதியில் இஷாத் தொழுகை முடிந்து, அன்றைய பாடங்களையும் முடித்த பிறகு, இன்னொரு பரீட்சைக்கும் அரை மணி நேரம் படிக்கிறேன். அது தொழில்முறையாக ட்ரோன் ஓட்டுபவர்களுக்கான பரீட்சை. அமெரிக்காவில் 2016 முதல் நடக்கும் அந்தப் பரீட்சையின் பாடநூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 60 வினாக்கள், இரண்டு மணித்தியாலம், சித்தியடைய 70 வீதம் வேண்டும். நான் அங்கே போய் எழுதப்போவதில்லை. பதினெட்டு வயதானதும் இங்கேயே முறையாகப் பயிற்சி பெற வேண்டும் என்பதே ஆசை. நம் நாட்டுச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகளையும் பக்கத்தில் வைத்துத்தான் படிக்கிறேன். விதிகள் நாட்டுக்கு நாடு மாறினாலும் காற்றும் மேகமும் எல்லோருக்கும் பொதுதானே!

முதலில் வாப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "மகள், வேற எதையாவது படிங்க. எங்கட பிள்ளை ஒண்டு வானத்தில கமரா பறக்கவிட்டா ஆக்கள் என்ன நினைப்பாங்க?" என்றார். அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று எனக்குத் தெரியும். 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின் நாடு முழுவதும் ட்ரோன் பறக்கவிடத் தடை வந்தது. அந்த நாட்களில் வாப்பா கடையைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் அப்போது சின்னப் பிள்ளை. யாரோ செய்த பாவத்துக்கு நாம் ஏன் குரலைத் தாழ்த்திப் பேச வேண்டும் என்று விளங்காத வயது. வாப்பாவின் பயம் அங்கிருந்து வந்தது. அதை அறியாமை என்று நான் சொல்ல மாட்டேன்.

உம்மாவின் கேள்வி வேறு. "இது பொம்புளப் பிள்ளையள்ற வேலையா?" இந்தியாவில் பெண்களின் சுயஉதவிக் குழுக்கள் 15,000க்கு விவசாய ட்ரோன் கொடுக்கும் திட்டத்தை 2023இல் அறிவித்ததையும், கிராமத்துப் பெண்கள் வயலுக்கு மருந்து தெளிக்கும் படங்களையும் காட்டினேன். உம்மா உற்றுப் பார்த்துவிட்டு, "சாரியோடதானே நிக்கிறாங்க" என்றார். பாதிச் சம்மதம் கிடைத்துவிட்டது.

பாடத்துக்கு வருகிறேன். பறக்கவிடக் கற்றுத்தரும் நூல் என்று நினைத்துத்தான் திறந்தேன். பக்கத்துக்குப் பக்கம் எப்போது பறக்க விடக்கூடாது என்றே இருந்தது. நிலத்திலிருந்து 400 அடிக்கு மேல் கூடாது. ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றர் தூரம் தெளிவாகத் தெரிய வேண்டும். மேகத்துக்குக் குறைந்தது 500 அடி கீழே பறக்க வேண்டும். எங்கள் ஊரில் மேகம் வாசற்படியில் நிற்கிறது. அதற்கும் 500 அடி கீழே என்றால் கிணறு தோண்டித்தான் பறக்கவிட வேண்டும்!

சில பக்கங்கள் எங்கள் ஊரைப் பார்த்தே எழுதியவை போலிருந்தன. கடற்கரையில் வளியமுக்கம் ஏறத்தாழ 1,013 ஹெக்டோபாஸ்கல். எங்கள் உயரத்தில் அதில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். காற்று மெலிந்திருப்பதால் விசிறிகள் கூடிய வேகத்தில் சுழல வேண்டும். பற்றரி சீக்கிரம் இறங்கும். குளிர் அதை இன்னும் இறக்கும். வெப்பநிலையும் பனிபடுநிலையும் நெருங்கினால் மூட்டம் வரும். பௌதிகவியலில் புள்ளிக்காகப் பாடமாக்கிய பனிபடுநிலை, என் வீட்டு ஜன்னலில் தினமும் நடப்பதுதான் என்று அப்போதுதான் உறைத்தது.

போன விடுமுறையில் ஒரு சம்பவம் நடந்தது. கடும் மழைக்குப் பின் எங்கள் வீட்டுக்கு மேலே, கிழங்குத் தோட்டத்துச் சரிவில் ஒரு வெடிப்புத் தெரிந்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயன் வீடுகளை மூடியதை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. மேலிருந்து பார்த்தால் வெடிப்பு எவ்வளவு தூரம் போகிறது என்று தெரியும். கல்யாணங்களுக்குப் படம் எடுக்கும் மாமா, அனுமதி பெற்றுத் தன் ட்ரோனைக் கொண்டுவந்தார். ஓட்டுவது மாமா. வானத்தைக் கவனித்து எச்சரிக்கும் வேலை எனக்கு.

அயலவர்கள் கூடிவிட்டார்கள். அம்பேவல பக்கமிருந்து வெள்ளையாக ஏதோ நகர்வதைக் கண்டேன். போனில் பார்த்தேன். வெப்பநிலைக்கும் பனிபடுநிலைக்கும் ஒரு பாகைதான் இடைவெளி.

"மாமா, இப்ப வேணாம்."

"பத்து நிமிச வேலை மகள். எல்லாரும் பார்த்துக்கொண்டு நிக்கிறாங்க."

"வேணாம் மாமா. நாளைக்கு விடிய எடுப்பம்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். என் காது சூடாகியது. மாமா முணுமுணுத்தபடி பெட்டியை மூடினார். சற்று நேரத்தில் சரிவே தெரியவில்லை. பக்கத்தில் நின்ற வாப்பாவின் தொப்பி மட்டும் தெரிந்தது.

அடுத்த நாள் காலை வானம் கழுவியது போலிருந்தது. சுபஹுக்குப் பிறகு வாப்பாவே வந்து என்னை எழுப்பினார். மேலிருந்து பார்த்தபோது வெடிப்பு நாங்கள் நினைத்ததைவிட நீளமாக, தேயிலை ஓரம் வரை போயிருந்தது. மாமா எடுத்த படத்தோடு வாப்பாதான் கிராம உத்தியோகத்தரிடம் போனார். "யார் எடுத்தது?" என்று அவர் கேட்டாராம். "மச்சான் எடுத்தது. எப்ப எடுக்கலாம் எண்டு சொன்னது எங்கட மகள்" என்று வாப்பா சொல்லியிருக்கிறார்.

நான் விடுதிக்குத் திரும்பிய நாளில், ரயில் வரும்வரை வாப்பா மேடையில் என்னோடு நின்றார். "அந்தப் பரீட்சைக்கு எவ்வளவு காசு கட்டணும்?" என்று கேட்டார். நான் இன்னும் விசாரிக்கவில்லை என்றேன். "விசாரிச்சு வைங்க" என்றார்.

இன்ஷா அல்லாஹ், உயர்தரம் முடியட்டும்.